அத்தியாயம் 6: பேனல் கதவைத் திறக்கும் முன்

மின்சார ஆபத்து என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது ஷாக் ஒன்றுதான். தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்ற கணக்கிலேயே இருபது முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வயரிங்கில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிப்பட்டு வரும். ஆலையின் மெயின் பேனல் முன்னால் அது உயிரை வாங்கிவிடும். பஸ்பாரைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றவர்கூட அங்கே முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அப்படி எரிக்கும் ஆர்க் ஃப்ளாஷ் பற்றியது இந்த அத்தியாயம்.

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் நூற்பாலை, ஃபவுண்டரி, சாய ஆலை, ரைஸ் மில் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன்கள் மட்டும் படித்தால் போதாது. அவர்களுக்கு வேலை சொல்லும் மேலாளர்களும் படிக்க வேண்டும். பேனலைத் திறப்பவர் ஒருவர், சப்ளையை நிறுத்தலாமா கூடாதா என்று முடிவு செய்பவர் வேறொருவர். விபத்துக்கான இடம் அந்த இடைவெளியில்தான் உருவாகிறது.

தீ எப்படிப் பிறக்கிறது

இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இருக்கும் காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பார்களின் குறுக்கே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்ட இடத்தில் உலோகம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் அயனியாகி, தாமே கடத்தியாக மாறிவிடுகின்றன. அதன் பிறகு ஸ்பேனர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரக்கணக்கான ஆம்பியர் காற்றின் வழியாகவே ஓடும். ஆர்க்கின் முனைகளில் வெப்பநிலை 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகும்போது, கட்டியாக இருந்ததைப்போல் ஏறத்தாழ 67,000 மடங்கு இடத்தை அடைக்கும். கதவு பிய்ந்து பறப்பதும், செவிப்பறை கிழிவதும், உருகிய செம்பு பொறிப்பொறியாகச் சட்டையைத் துளைப்பதும் இதனால்தான்.

1982-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ இந்த வெப்பம் எவ்வளவு தூரத்தில் நிற்பவரின் தோலை எரிக்கும் என்று கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70இ தரநிலை 1995 பதிப்பில் ஆர்க் ஃப்ளாஷைத் தனி ஆபத்தாகச் சேர்த்துக்கொண்டது. 2002-இல் வந்த ஐட்ரிபிள்இ 1584 கணக்கிடும் முறையை வகுத்துக் கொடுத்தது. 2018-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். இவற்றில் நாம் மனதில் வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி. அந்த அளவு வெப்பம் பட்டால் இரண்டாம் நிலைத் தீக்காயம், அதாவது கொப்புளம் போடும் காயம், தொடங்கும்.

உங்கள் பேனலில் எவ்வளவு

பதினொரு கே.வி. சப்ளை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைக்கும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். முழு லோடு கரன்ட் 667 ஆம்பியர். பெயர்ப் பலகையில் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்று போட்டிருந்தால், எல்.டி. பக்கம் நேரடி ஷார்ட்டில் ஓடக்கூடிய கரன்ட் 667-ஐ 0.045-ஆல் வகுத்தால் கிடைக்கும்: கிட்டத்தட்ட 14,800 ஆம்பியர். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப் பலகையைப் பார்த்து இந்த வகுத்தலை இன்றே போட்டுப் பாருங்கள். பேனலில் உள்ள பிரேக்கர்களின் உடைக்கும் திறன் அதைவிடக் குறைவாக இருந்தால், மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய பேனலையே வைத்திருக்கும் இடங்களில் இந்தக் கோளாறு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆர்க் எரியும்போது காற்றுக்கும் ஓரளவு தடை இருப்பதால் கரன்ட் அந்த 14,800 வரை போகாது. ஐட்ரிபிள்இ 1584-இன் 2002 சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், பஸ்பார் இடைவெளி 25 மில்லிமீட்டர் உள்ள பேனலில் ஏறக்குறைய 8,200 ஆம்பியர் வருகிறது. பேனல் முன் கை நீட்டி வேலை செய்பவரின் முகமும் மார்பும் ஆர்க்கிலிருந்து சுமார் 455 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. அந்தத் தூரத்தில் அவர் மேல் படும் வெப்பம், பிரேக்கர் 0.05 வினாடியில் டிரிப் ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 1.3 கலோரி. 0.2 வினாடி எடுத்தால் 5.4. அரை வினாடி எடுத்தால் 13-க்கு மேல். ஒரு முழு வினாடி என்றால் 27.

வோல்ட்டேஜ் மாறவில்லை, கரன்ட் மாறவில்லை, ஆள் நிற்கும் இடமும் மாறவில்லை. நேரம் மட்டும் மாறியிருக்கிறது. கொப்புளத்தோடு தப்பிப்பதற்கும் மாதக்கணக்கில் தீக்காயப் பிரிவில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மெயின் பிரேக்கரின் செட்டிங் தீர்மானிக்கிறது.

அந்த செட்டிங்கை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு 800 ஆம்பியர் பிரேக்கர் மாட்டியிருப்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டுக்கு உடனடியாக டிரிப் ஆகும் அளவு பத்து மடங்கு என்று வைத்திருந்தால் அது 8,000 ஆம்பியர். ஆர்க் கரன்ட்டோ 8,200. டிரிப் அளவில் இருபது சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம் என்பதால், ஆர்க் எரிவதை பிரேக்கர் ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளாமலே போகலாம். அப்போது அது ஓவர்லோடு என்று நினைத்துப் பல வினாடி காத்திருக்கும். அவ்வளவு நேரமும் பேனல் எரியும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சும்மா சும்மா டிரிப் ஆகிறது என்று யாரோ ஒருவர் எப்போதோ டயலை உச்சத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஆலையின் பெரிய மோட்டார் 75 கிலோவாட் என்றால் ஸ்டார்ட்டிங் கரன்ட் ஆயிரம் ஆம்பியரைத் தொடுவதே அரிது. மற்ற லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஸ்டார்ட் ஆனாலும், டயலை ஆறு மடங்குக்கு, அதாவது 4,800 ஆம்பியருக்கு இறக்கினால் வீணாக டிரிப் ஆகாது. ஆர்க் வந்தால் பிரேக்கர் உடனே பிடிக்கும். இதற்குச் செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர்தான். ஆனால் டயலைக் குத்துமதிப்பாகத் திருப்பாதீர்கள். கீழே உள்ள ஃபீடர்களின் செட்டிங்கையும் சேர்த்துத் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு கணக்குப் பார்த்து, புதிய அளவைப் பேனல் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். ஏசிபி வகைப் பிரேக்கர் வைத்திருப்பவர்கள் ஷார்ட் டைம் டிலே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 0.4 வினாடி என்று இருந்தால் அது மேலே சொன்ன கணக்கில் 10 கலோரிக்கு மேல். புது ரிலீஸ்களில் பராமரிப்பு நேரத்தில் டிலேயை எடுத்துவிடும் தனி ஸ்விட்ச் வருகிறது. ஒளியைப் பார்த்துச் சில மில்லி வினாடிகளில் டிரிப் கட்டளை கொடுக்கும் ஆர்க் ரிலேக்களும் இருக்கின்றன. புதுப் பேனல் வாங்குகிறவர்கள் பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் இதைப் பற்றிப் பேசலாம்.

தூரமும் கணக்கில் சேரும். தூரம் இரண்டு மடங்கானால் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பிரேக்கர் ஒரு வினாடி எடுக்கும் பேனலில் 1.2 கலோரி எல்லை மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்ப்பரும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறார்கள். வேலை நடக்கும்போது கயிறு கட்டித் தடுப்பு வைக்கச் சொல்வது இவர்களுக்காக. பேனல் முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் சுவருக்கும் பேனலுக்கும் இடையே ஒன்று 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லை 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஆள் நுழைய முடியாத இடம், அல்லது நுழைந்தவர் ஓடி வரக்கூடிய இடம். நடுவில் ஒருவர் மாட்டிக்கொள்ளும் சந்து கூடாது. அந்த ஒரு மீட்டரில் நூல் கோன் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

நிறுத்திவிட்டுத்தான் வேலை

இரவு ஷிப்டில் ஒரு ஃபீடரில் லக் சூடாகிறது. சூப்பர்வைசர் சொல்கிறார்: “அஞ்சு நிமிஷ வேலைதானே, லைன்லயே டைட் பண்ணிருங்க. ஃப்ரேமை நிறுத்துனா அத்தனையும் நூல் அறுந்துரும்.” எலக்ட்ரீஷியன் தயங்குகிறார். மறுத்தால் வேலை தெரியாதவன் என்ற பெயர் வருமோ என்ற பயம். சப்ளையோடு வேலை செய்வதைத் திறமையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. “ஆஃப் பண்ணாம செய்ய மாட்டேனுங்க சார்” என்று அவர் சொன்னால் அதற்குப் பிறகு பேச்சே இருக்கக் கூடாது. இதை நிர்வாகம் எழுத்தில் கொடுத்து, பேனல் அறைக் கதவில் ஒட்ட வேண்டும். உரிய அதிகாரம் பெறாதவர், மின் ஆய்வாளர் ஏற்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாதவர், லைவாக உள்ள கருவியில் வேலை செய்யக் கூடாது; அவருக்குத் துணைக்கு நிற்கவும் கூடாது என்று விதியே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சொல்வது அவருடைய சொந்தப் பிடிவாதம் என்று நினைக்க இடமில்லை.

கோளாறு தேட வோல்ட்டேஜ் அளக்க வேண்டியிருந்தால் பேனல் லைவாக இருந்துதான் ஆக வேண்டும். இப்படி அளந்து பார்ப்பது ஒன்றுதான் நியாயமான விலக்கு. இறுக்குவது, மாற்றுவது, சுத்தம் செய்வது, புது கேபிள் சேர்ப்பது எல்லாம் நிறுத்திய பிறகே.

நிறுத்துவது என்றால் பட்டனை அமுக்குவது மட்டும் போதாது. நம் ஊரில் எல்லோரும் நம்பும் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: ஈபியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்கு சப்ளை போய்விடும், பேப்பரிலேயே போட்டாயிற்று, இன்று பேனலைத் திறந்து வேலை முடித்துவிடலாம் என்று ஆலைகளில் திட்டம் போடுவார்கள். நேரம் நல்ல நேரம்தான், நம்பிக்கைதான் ஆபத்தானது. ஈபி சப்ளையை எப்போது கொடுப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடலாம். சப்ளை போனதும் டி.ஜி. செட் தானாக ஸ்டார்ட் ஆகி பஸ்பாரை லைவாக்கிவிடலாம். கூரையில் சோலார் இருந்தால், அதன் இன்வெர்ட்டர் டி.ஜி.யோடு சேர்ந்து ஓடும்படி இணைத்திருக்கலாம். பவர் ஃபேக்டர் பேனலின் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். இவற்றுக்கு மேல் ஒன்று: மெயின் ஏசிபியை ஆஃப் செய்தாலும் அதன் இன்கமிங் முனைகளில் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தில் ஆர்க் வந்தால் அந்த ஏசிபியால் ஒன்றும் செய்ய முடியாது, எச்.டி. பக்கம் உள்ள ரிலேயோ ஃபியூஸோதான் அணைக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் கூடுதல். ஆலையிலேயே மோசமான இடம் அதுதான். இன்கமர் அறையில் கை வைக்க வேண்டும் என்றால் எச்.டி. பிரேக்கரை நிறுத்தி வெளியே இழுத்து, டிஸ்சார்ஜ் ராடு போட்டு எர்த் செய்யாமல் தொடவே கூடாது.

ஆகவே சப்ளை வரக்கூடிய ஒவ்வொரு வழியையும் எழுதுங்கள். ஈபி, டி.ஜி., சோலார், யுபிஎஸ், பக்கத்து பேனலிலிருந்து வரும் பஸ் கப்ளர். ஒவ்வொன்றையும் நிறுத்தி, அதிலேயே பூட்டுப் போடுங்கள். டி.ஜி.யை மேனுவலில் வைத்து பேட்டரி லீடையும் கழற்றிவிடுவது நல்லது. பூட்டு வேலை செய்பவருடையது. சாவி அவர் பையில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பெயர், நேரம், என்ன வேலை என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். அட்டையை மட்டும் தொங்கவிட்டுப் பூட்டில்லாமல் விட்டால், ஷிப்ட் மாறி வருகிறவர் அதைக் கவனிக்காமல் போகலாம். ஈபியில் லைன்மேன்கள் எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடு ஆலைக்குள்ளும் வர வேண்டும்: எழுத்தில் அனுமதி, எழுத்திலேயே திருப்பி ஒப்படைப்பு. “ஆஃப் பண்ணியாச்சா?” “ஆச்சுண்ணா” என்று செல்போனில் பேசிக்கொள்வது அனுமதி ஆகாது.

பூட்டிய பிறகும் சப்ளை இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நிதானமாகச் செய்யச் சொல்வேன். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் நியான் விளக்கு உங்கள் உடம்பு வழியாக எர்த்துக்கு ஓடும் மிகச் சிறிய கரன்ட்டில் எரிகிறது; நீங்கள் ரப்பர் மேட் மேல் நின்றால், லைவாக இருந்தாலும் மங்கித் தெரியாமல் போகலாம். பாதுகாப்புக்காகப் போட்ட மேட்டே உங்களுக்குத் தவறான பதில் சொல்லும். இரண்டு முனை உள்ள வோல்ட்டேஜ் டெஸ்டரோ, 600 வோல்ட்டுக்கு கேட் 4 என்று அச்சிட்ட மல்டிமீட்டரோ எடுங்கள். முதலில் லைவாக இருக்கிறது என்று தெரிந்த வேறு ஒரு இடத்தில் வைத்து மீட்டர் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடம்: ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று, ஃபேஸுக்கு நியூட்ரல் மூன்று, ஃபேஸுக்கு எர்த் மூன்று, நியூட்ரலுக்கு எர்த் ஒன்று, பத்து அளவுகள். பத்திலும் பூஜ்யம் வந்த பிறகு மறுபடியும் அந்தத் தெரிந்த லைவ் இடத்துக்குப் போய் மீட்டரைச் சோதியுங்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தால், லீட் அறுந்திருந்தால் இந்தக் கடைசி அளவில்தான் தெரியும். மூன்று கட்டமும் முடியும்வரை அந்தப் பேனல் லைவாக இருக்கிறது என்றே எண்ணி, அதற்குரிய உடுப்போடு நில்லுங்கள்.

மல்டிமீட்டரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஆம்பியர் பார்த்துவிட்டு சிவப்பு லீடை அதே துளையில் விட்டுவிட்டு, அடுத்து வோல்ட்டேஜ் பார்க்க பஸ்பாரில் வைத்தால், மீட்டர் ஒரு வெறும் கம்பியைப்போல ஷார்ட் செய்யும். மலிவு மீட்டர்களில் அதைத் தாங்கும் ஃபியூஸ் இருக்காது. கையில் இருக்கும்போதே வெடிக்கும். மெயின் பேனலுக்கென்று தனி மீட்டர் வைத்து, ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டரையே பயன்படுத்தினால் இந்த வம்பே வராது.

கெப்பாசிட்டர் பேனலை நிறுத்தி ஐந்து நிமிடமாவது காத்திருந்து, பிறகும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். சோலார் டி.சி. பக்கம் தனிக் கதை. பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனல்கள் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். ஏ.சி.யில் கரன்ட் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய வாய்ப்பு கிடைக்கிறது, டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை. லோடு ஓடும்போது டி.சி. கனெக்டரைப் பிடுங்கினால் இழுத்த தூரமெல்லாம் ஆர்க் நீளும்.

பேனலுக்குள் என்ன சேர்கிறது

நூற்பாலைகளில் பஞ்சுத் தூசி எங்கும் போகும். பஸ்பார் தாங்கிகளின் மேல் அது படிந்து, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டால், ஃபேஸுக்கு ஃபேஸ் கரன்ட் கசியும் பாதை உண்டாகிறது. அதோடு லூஸான லக் ஒன்று சேர்ந்தால் தீ வைக்க ஆள் தேவையில்லை. அலுமினிய கேபிளைச் செம்பு பஸ்பாரில் சாதாரண லக் போட்டு இணைத்த இடங்கள் முதலில் சூடாகும். இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதாலும், ஈரம் பட்டால் அரிப்பு வருவதாலும் இணைப்பு தளர்ந்துகொண்டே போகும். பைமெட்டல் லக் போடுங்கள். டார்க் ரெஞ்சில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, நட்டின் மேலும் பஸ்பாரின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். லோடு ஓடும்போது தெர்மல் கேமராவில் பார்த்தால் ஒரே ஃபீடரின் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் சூடாக இருப்பது பளிச்சென்று தெரியும். அதைக் குறித்துவைத்து அடுத்த நிறுத்தத்தில் சரிசெய்யலாம். தெர்மல் கேமரா பார்க்கக் கதவைத் திறப்பதும் லைவ் பேனலைத் திறப்பதுதான், உடுப்பு அதற்கும் வேண்டும்.

எலி, பல்லி, அணில் மூன்றும் பேனலுக்குள் வரக் காரணம் நாம் விட்டுவைத்த ஓட்டைகள். கிளாண்ட் போடாமல் கேபிள் நுழைந்த துளை, எடுத்துவிட்ட மீட்டரின் காலி இடம், மூடாத கேபிள் டிரெஞ்ச். பல்லி ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமாகும் நேரத்தில் உங்கள் ஆள் அந்தக் கதவைத் திறந்தபடி நிற்கக் கூடும்.

ஆயுத பூஜை பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு முறையாவது பேனல் அறை துடைக்கப்படுவது அந்த நாளால்தான், அந்த மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் மெஷின் ஓடி முடிந்த மாலையில், அவசரத்தில், சப்ளையை நிறுத்தாமல் ஈரத் துணியோடு உள்ளே கை விடுவதும், கதவைத் திறந்து உள்பக்கம் சந்தனம் தெளிப்பதும் நடக்கின்றன. பூஜைக்கு முந்தின நாளே பூட்டுப் போட்டு நிறுத்தி, வேக்குவம் கிளீனரால் தூசியை இழுத்து, உலர்ந்த துணியால் துடைத்து முடியுங்கள். சந்தனமும் குங்குமமும் மாலையும் மூடிய கதவின் வெளிப்பக்கத்துக்கு. விளக்கும் சூடமும் கேபிள் டிரெஞ்சுக்கு அருகில் வேண்டாம்.

டிரிப் ஆன பிரேக்கரைக் காரணம் பார்க்காமல் மறுபடி போடுவது இன்னொரு பழக்கம். ஒரு முறை போட்டு நிற்கவில்லை என்றால் இரண்டாவது முறை, மூன்றாவது முறை. ஷார்ட் சர்க்யூட்டில் டிரிப் ஆன பிரேக்கரின் காண்டாக்ட்கள் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் முழு ஷார்ட் கரன்ட் அதன் வழியாகப் பாய்கிறது. கேபிளை மெகர் செய்து, கோளாறைக் கண்டுபிடித்த பிறகே போட வேண்டும். போடும்போதும் நேர் எதிரே நிற்காதீர்கள். கதவு மூடியிருக்கட்டும். பேனலின் வலப்பக்கம் ஒதுங்கி நின்று, இடக்கையால் இயக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். ஆர்க் வந்தால் சூடான வாயுவை உள்ளே இழுக்காமல் இருக்க இது உதவும்.

உடுப்பு

உடுப்பு கடைசி அரண். பெரும்பாலான ஆலைகளில் எலக்ட்ரீஷியன் சீருடை பாலியெஸ்டர் கலந்த துணி. அது எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காயத்தை ஆழமாக்குவது பல நேரம் இதுதான். ஆர்க்கைத் தாங்கும் உடுப்பில் எத்தனை கலோரி என்று அச்சிட்டிருக்கும்: 8, 25, 40 என்று பல அளவுகள். உங்கள் பேனலுக்குக் கணக்குப் போட்டு வந்த எண்ணைவிட உடுப்பின் எண் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 0.2 வினாடி என்றால் 8 கலோரி சட்டை, பேன்ட், ஃபேஸ் ஷீல்டு, தலைமூடி போதும். ஒரு வினாடி என்றால் 40 கலோரி முழு சூட் வேண்டும். அந்தக் கனமான சூட்டை நம் வெயிலில் போட்டுக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவருக்குத் தெரியும். பிரேக்கர் நேரத்தைக் குறைக்கச் சொல்லி மேலே அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். உடுப்பே வாங்காத இடத்தில், அது வரும்வரை, முழுக்கைப் பருத்திச் சட்டையாவது போடுங்கள்; அது உருகாது, ஆனால் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஷாக்குக்கான ரப்பர் கையுறை வேறு, ஆர்க்குக்கான பாதுகாப்பு வேறு. 433 வோல்ட்டுக்கு கிளாஸ் 0 ரப்பர் கையுறை, அதன் மேல் தோல் கையுறை. போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து அமுக்கிப் பாருங்கள். காற்று சீறினால் தூக்கிப் போடுங்கள். மோதிரம், செம்புக் காப்பு, கழுத்துச் சங்கிலி, ஸ்டீல் ஸ்ட்ராப் வாட்ச், சட்டைப் பையில் உள்ள டெஸ்டர் எல்லாம் லாக்கரில். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டியிருப்பவர்கள் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, அது வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடந்துவிட்டால்

முதலில் சப்ளையை நிறுத்துங்கள். நிறுத்தும் வரை அடிபட்டவரை வெறுங்கையால் தொடாதீர்கள். மூச்சோ நாடியோ இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்; இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். தீக்காயத்தில் ஓடும் குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம். பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். கழுவிச் சுரண்டி எடுக்கும்போது காயம் இன்னும் மோசமாகும். வீக்கம் வருவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். முகம் கருகி, குரல் கரகரத்தால் மூச்சுக்குழாய் உள்ளே வெந்திருக்கலாம். அவர் நடந்து பேசிக்கொண்டிருந்தாலும் அது அவசர நிலைதான். ஷாக் அடித்தவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

உயிரிழப்பு என்றால் மின் ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் சொல்ல வேண்டும். ஆய்வு முடியும்வரை எரிந்த பேனலைத் துடைக்காதீர்கள், பிரேக்கர் டயலைத் தொடாதீர்கள். அது எந்த அளவில் நின்றது என்பது முக்கியமான சாட்சி. உள் அறிக்கையில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடிக்க வேண்டாம். வேலைக்கு எழுத்தில் அனுமதி இருந்ததா, யார் லைனில் செய்யச் சொன்னது, எந்தப் பிரேக்கர் எவ்வளவு நேரத்தில் டிரிப் ஆனது, பூட்டுப் போட வசதி இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள்.

மறுபடி சப்ளை கொடுக்கும் முன் புகைக்கரி முழுவதையும் எடுக்க வேண்டும். அந்தக் கரியும் அதில் கலந்த செம்புத் தூளும் மின்சாரத்தைக் கடத்தும். வெந்த தாங்கிகளை மாற்றி, ஆயிரம் வோல்ட் மெகரில் ஃபேஸுக்கு ஃபேஸும் ஃபேஸுக்கு எர்த்தும் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது. சுத்தமான பஸ்பாரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். எல்லா ஃபீடரையும் ஆஃபில் வைத்து, கதவுகளை மூடிப் போல்ட் போட்டு, பேனல் அறையில் யாரும் இல்லாதபோது எச்.டி. பக்கத்திலிருந்து முதலில் கொடுங்கள். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சத்தமும் நாற்றமும் இல்லையென்று உறுதியான பிறகு ஃபீடர்களை ஒவ்வொன்றாகப் போடலாம்.